முந்நூறு கிலோமீட்டர், ஒரு மணி நேரம்

"மூணாவது நாளா வர்றேன், தாயி. முந்நூறு கிலோமீட்டர், ஒரு மணி நேரம்னு உங்க நேர அட்டையில நீங்களே போட்டிருக்கீங்க," என்றார் ஜேபிட்டி.

கனடாவின் வடகோடியில், இக்காலுயிட் விமான நிலையத்து டிக்கெட் மேசையில் மியாலியா வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. "பறக்கிற நேரம் அதுதான், மாமா. பாங்னிர்டுங்ல காத்து விடணுமே."

அண்ணன் லூக்காசி இறந்த செய்தி வானொலியில் வந்தது. வியாழன் இரண்டு மணிக்கு பாங்னிர்டுங்கில் அடக்கம் என்றதுமே ஜேபிட்டி அதை அணைத்துவிட்டார். மீதியை அண்ணியிடம் போனில் கேட்டிருக்கலாம். ஒரு படகு எஞ்சினுக்காக அண்ணனோடு மூன்று வருடம் பேசாதவர் எந்த முகத்தோடு கேட்பது? மூடுவதற்குள் அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை விமானம் ஊருக்கு மேல் இரண்டு சுற்று சுற்றியது. அண்ணன் வீட்டுக் கூரைகூடத் தெரிந்தது. காற்று இறங்கவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டது. அந்தக் கோபத்தில் டிக்கெட்டை ரத்து செய்தார். புதன்கிழமை நல்ல வெயில். விமானம் போனது, அவருக்குத்தான் இடமில்லை.

இன்று வியாழன். இடம் இருந்தது, எடை இடித்தது.

"சாமான் அதிகம், மாமா. எண்பது கிலோ குறைக்கணும்."

ஊருக்கென்று வாங்கிய ஆரஞ்சு மூட்டையைக் கீழே வைத்தார். பையை வைத்தார். மேல்கோட்டின் பொத்தானிலும் கைவைத்தார்.

"உங்களையே கழட்டி வச்சாத்தான் கணக்கு சரியா வரும்," என்றான் சுமை ஏற்றுகிறவன்.

ஜேபிட்டி மேசையைத் தட்டினார். "சாவுக்குப் போறவனை விட்டுட்டு சாமானை ஏத்துவீங்களா? எவனோ கடைக்காரனோட ஃப்ரிட்ஜ் பெருசா, செத்த மனுஷன் பெருசா?"

மியாலியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கடைசியா என்ன ஏத்தினே?" என்று சுமைக்காரனைக் கேட்டாள்.

"படுதா சுத்தின நீளப் பெட்டி ஒண்ணு. நேத்து ராத்திரி தெற்கேயிருந்து வந்தது."

"அவசரமாப் போகணுமா?"

"அதுவா வாயைத் திறந்து கேக்கப் போகுது? சனிக்கிழமை ஏத்திக்கலாம்."

பெட்டி இறங்கியது, ஜேபிட்டி ஏறினார். ஓடுதளத்தோரம் பனியில் தனியாகக் கிடந்த அதை ஜன்னல் வழியே பார்த்து, "நீ நிதானமா வா," என்றார். மூன்று நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

அட்டையில் போட்டபடியே ஒரு மணி நேரத்தில் விமானம் இறங்கியது. இன்னும் நேரமிருந்தது. பாங்னிர்டுங் ஊரே ஓடுதளத்தோரம் திரண்டு நின்றது. முன்னால் அண்ணி. பேசாமல் கிடந்த ஒரு தம்பிக்காக இத்தனை பேரா என்று நினைத்தபடி ஜேபிட்டி அண்ணியிடம் போனார்.

"எப்படியோ சண்டை போட்டு வந்துட்டேன், அண்ணி."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்வை மட்டும் விமானத்தின் சாமான் கதவிலேயே இருந்தது.

காலியான சறுக்குவண்டியோடு காத்திருந்த ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"நீங்க வந்துட்டீங்க, சரி. ஒட்டாவா ஆஸ்பத்திரியிலேருந்து வந்த உங்க அண்ணனையும் இதுலதானே ஏத்தியாச்சுன்னு சொன்னாங்க, அந்த நீளப் பெட்டி எங்க?"