நடுக்குருத்து

"என்ன இது?" என்று பிரியந்தி கேட்டபோது, யோகேஸ்வரன் கூடையைப் பெருமையோடு நீட்டிக்கொண்டிருந்தான்.

"சலாது. முழுப் பாத்தியையும் ஒரே மூச்சுல பறிச்சிட்டேன்."

"ஐயோ! எல்லாம் நடுக்குருத்தா இருக்கே!"

அப்போதுதான் அவனும் பார்த்தான். பச்சையாகத் தின்னும் இந்தச் சலாதுக் கீரையில் ஓரத்து இலைகளை மட்டும் ஒடிக்க வேண்டும். நடுக்குருத்தை விட்டுவைத்தால் மறுபடி மறுபடி இலை விடும். பிரியந்தியின் அப்பா வீரய்யா, மனைவி நாகலெட்சுமியோடு கொத்மலைக்குக் கல்யாணத்துக்குப் புறப்படும்போது இதை ஒன்றுக்கு நாலு தடவை சொல்லியிருந்தார். யோகேஸ்வரனும் தலையாட்டினான். ஆனால் தேயிலை மலையில் வளர்ந்த கைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ரெண்டு இலை, நடுவில் கொழுந்து, கிள்ளிக் கூடையில் போடு. தலை கேட்டுக்கொண்டது, கைக்கு யாரும் சொல்லவில்லை.

வேறு வேலையாக இருந்தால் பரவாயில்லை. பிரியந்தியைக் கட்டித் தரச் சொல்லி அவன் கேட்டதற்கு, "மொதல்ல ரெண்டு நாளைக்கு என் பாத்தியப் பாத்துக்க. வந்து பேசுவோம்" என்பதுதான் வீரய்யாவின் பதில். அந்தப் பாத்தியும் லேசுப்பட்டதல்ல. "மத்தவன் முட்டக்கோவாவ ஒரு தடவதான் வெட்டுவான். நம்ம சலாது பறிக்கப் பறிக்க வரும்" என்று திம்புள்ளப் பக்கம் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ப் பீற்றிக்கொண்டவர் அவர்.

"இப்ப என்ன செய்றது?" என்றாள் பிரியந்தி.

"பயப்படாத. தேயிலை காடாப் போனா என்ன செய்வோம்? கவ்வாத்து வெட்டுவோம். பொறகு புதுசாத் துளிர்க்கும்."

கத்தியை எடுத்து எல்லாச் செடியையும் ஒரே மட்டமாக வெட்டினான். தேயிலையாக இருந்தால் கங்காணி மெச்சியிருப்பார். சலாதில் மிஞ்சியது வெறும் கட்டை. அதிலிருந்து பால் வடிந்தது. பிரியந்தியின் கண்ணும் வடிந்தது.

"நாளைக்கு அப்பா வந்துருவாரு. இதப் பாத்துட்டு என்னை ஒங்களுக்குக் குடுப்பாருன்னு நெனைக்கிறீங்களா?"

நினைக்கவில்லை. அதனால்தான் நானுஓயாவிலுள்ள ரிஸ்வி நானாவின் மரக்கறிக் கடைக்கு ஓடினான்.

"நானா, ரெண்டு பெட்டி சலாது வேணும். வீரய்யா மாமா தோட்டத்துக்கு."

ரிஸ்வி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அவர்ட தோட்டத்தில இருந்துதானே தம்பி எனக்கே சலாது வாறது?"

"ஒண்ணும் கேக்காதீங்க நானா."

விடிந்ததும் இருவருமாகக் கட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வேர் நறுக்கிய கடைச் சலாதை வரிசையாக நட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பனி விலகி வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தது. யோகேஸ்வரன் குச்சி ஒடித்து ஒவ்வொன்றுக்கும் முட்டுக்கொடுத்தான். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது போதாதென்று, இப்போது அந்தக் குரங்குக்கு ஊன்றுகோலும் வந்துவிட்டது.

கடைசிச் செடிக்குக் குச்சி நடும்போது வீரய்யாவும் நாகலெட்சுமியும் வந்துவிட்டார்கள்.

வீரய்யா ஒரு செடியைத் தொட்டார். கையோடு வந்தது. அடுத்ததைத் தொட்டார். அதுவும் வந்தது.

யோகேஸ்வரன் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டான். "மன்னிச்சிருங்க மாமா. கொழுந்து கிள்ற பழக்கத்துல குருத்தக் கிள்ளிட்டேன். பொறகு கவ்வாத்து வெட்டினேன். இது கடைச் சலாது."

"என் செடியோட கட்டையெல்லாம்?"

"புடுங்கிட்டேன்."

"ஒண்ணுகூட மிஞ்சலையா?"

"இல்ல மாமா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

"இனித் துளிர்க்காதே?"

"வேரே இல்லையே மாமா, எப்படித் துளிர்க்கும்?"

வீரய்யா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். "நாகு, மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி குடு. வைகாசியில முகூர்த்தம் இருக்கான்னு ஐயர்கிட்ட கேக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

யோகேஸ்வரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏன் வந்தது என்றுதான் விளங்கவில்லை. பிரியந்தியைப் பார்த்தான். அவளும் விழித்தாள்.

நாகலெட்சுமி தேத்தண்ணியை அவன் கையில் கொடுத்தாள். "பறிக்கப் பறிக்க வந்துச்சுல்ல, குனிஞ்சு குனிஞ்சு அவருக்கு இடுப்பே விட்டுப்போச்சு. ஊரெல்லாம் பெரும பேசிட்டு விடவும் முடியல. காட்டுப்பன்னிய அனுப்பி இத அழிச்சிரு சாமின்னு மாசக்கணக்கா முனியாண்டிகிட்ட அழுதாரு தம்பி. சாமி மாப்பிள்ளைய அனுப்பியிருக்கு."