கிட்டிக்குக் கூடையில் விருந்து

அன்பும் மரியாதையும் நிறைந்த நெஸ்டா அக்காவுக்கு, மலைப்பண்ணையிலிருந்து தம்பி ஹெவின் எழுதுவது. இங்கே நானும் நாயும் நலம். மழையும் நலமாகவே இருக்கிறது. அங்கே கார்டிஃபில் அத்தானின் முழங்கால் நலம்தானே?

நீ புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாயே, அந்த ஆட்டுக்குட்டி கிட்டி, இப்போது வளர்ந்து, நம் மலையின் வடக்குச் செங்குத்தில், பாதிப் பாறையில், ஒரு விளிம்பில் போய் நிற்கிறாள். ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. உனக்குத் தெரியாததா? அங்கே இருப்பதையெல்லாம் தின்று தீர்த்து ஆடு பசியில் துவளும்வரை காத்திருந்து, பிறகு கயிற்றில் இறங்கித் தூக்கிவர வேண்டியதுதான். தெம்போடு இருக்கும்போது ஆள் பக்கத்தில் போனால் மிரண்டு குதித்துவிடும். ஆனால் அந்த விளிம்பில்தான் பெரணி என்கிற அரிய செடியும் இருக்கிறதாம். விரல் நீளம்தான், இலையின் அடியில் துருப்பிடித்தாற்போல மயிர். கொள்ளுத்தாத்தா காலத்துச் சீமாட்டிகள் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறோம் என்று மலையையே சுரண்டிக்கொண்டு போனதில், மனிதனும் ஆடும் எட்டாத ஈரப் பாறையிடுக்கில் ஒரே ஒரு தூர் மிஞ்சியிருக்கிறது. அதைக் காக்க லௌரி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள்.

"ஹெவின் அண்ணே, ஆட்டை இப்பவே இறக்குங்க. பெரணியைத் தின்னுடும்."

"இப்ப இறங்கினா ஆடு செத்துடும்மா."

"காத்திருந்தா பெரணி செத்துடுமே!"

"அப்ப ரெண்டுல எதைப் புதைக்கணும்னு நீயே சொல்லு," என்றேன். கோபத்தில் வந்துவிட்டது, அக்கா.

 மறுநாள் லௌரி மலையுச்சியிலிருந்து கயிறு கட்டி, ஒரு கூடை ஓட்ஸை விளிம்புக்கு இறக்கினாள். வயிறு நிறைந்தால் கிட்டி பெரணியைத் தொடமாட்டாளாம். அன்றிலிருந்து காலையும் மாலையும் விருந்து. கிட்டி துவளுவதாவது! கொழுத்துப்போய்விட்டாள். அவள் துவளாததால் நான் இறங்க முடியவில்லை, நான் இறங்காததால் லௌரி கூடையை நிறுத்த முடியவில்லை. ஞாயிறன்று தேவாலயத்தில் போதகர் பெரணிக்காக உருகி ஜெபித்தார், கிட்டியின் பெயரை விட்டுவிட்டார். பனி விழ ஆரம்பித்தால் கூடையும் போகாது, கயிறும் போகாது. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. ஆகவே கிட்டி மிரண்டாலும் சரி, நாளைக் காலை இறங்கிவிடுவது என்று முடிவெடுத்துவிட்டேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாயை நீ வைத்துக்கொள். அத்தானிடம் கொடுத்துவிடாதே.

கர்த்தர் உன் குடும்பத்தையும் அத்தானின் முழங்காலையும் காப்பாராக.

உன் தம்பி,
ஹெவின்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதையும் எழுதிவிடுகிறேன். காலையில் கயிறும் கையுமாகக் கதவைத் திறந்தால் வாசலில் கிட்டி நிற்கிறாள். பாறைக்குப் பின்பக்கமாக அந்த விளிம்புக்கு ஒரு பாதை இருக்கிறது. என்றைக்குமே இருந்திருக்கிறது போலும். லௌரி பதறிப்போய் அந்தப் பாதையிலேயே ஏறிப் பார்த்தாள். பெரணியில் ஓர் இலைகூடக் குறையவில்லை. உதிர்ந்து கிடந்த இலை ஒன்றைக் கொண்டுவந்து கிட்டியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். கிட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, கூடையைக் காணோமே என்று கொஞ்ச நேரம் கத்திவிட்டு, மறுபடியும் விளிம்புக்கே போய்விட்டாள். இந்த முறை மந்தையிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு.