அழகமுத்துவின் கூட்டாளி கறுப்பையா

"பேர் என்ன ஐயா?" என்று நம்பர் எழுதும் சிந்துஜா கேட்டதும் கறுப்பையா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அழகமுத்து."

அழகமுத்து ஹந்தானைத் தோட்ட லயத்தில் அவருக்கு அடுத்த காம்பரா வீட்டுக்காரர். பாவம், பிலிமத்தலாவை டிஸ்பென்சரியில் தான் நோயாளியாகிவிட்டது அந்த மனிதருக்குத் தெரியாது.

கண்டிக்குள் எந்த டொக்டரிடமும் கறுப்பையா போக முடியாது. அது அவரே தேடிக்கொண்ட வினை. மகன் ரமேஸ் டொக்டரானதிலிருந்து பஸ் கொண்டக்டரையும் மீன்காரனையும் கூட விடாமல் பிடித்து நிறுத்திச் சொல்லி, டவுன் முழுக்க 'ரமேஸ் டொக்டரின் அப்பா' ஆகிவிட்டார். இப்போது வந்திருப்பதோ மகன் காதுக்குப் போகவே கூடாத சங்கதி. இரண்டு வருடமாக மனைவி அங்கம்மாவை விட்டு வாசல் பக்க இஸ்தோப்புத் திண்ணையில் படுக்கிறார். "என்னையப் புடிக்காமப் போச்சா?" என்று முந்தாநாள் அவள் அழுதுவிட்டாள். அந்த அழுகைதான் அவரை பஸ் ஏற்றியது.

உள்ளே இருந்தது பெண் டொக்டர், பஸ்லினா. கறுப்பையாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"சீனி வருத்தம் இருக்கா? எத்தனை வருசமா?"

"பன்னெண்டு."

"பிள்ளைகள்?"

"ஒரே பையன். டொக்டரு! எங்க லயத்துலயே மொத டொக்டரு!"

வாய் முந்திக்கொண்டது.

"அப்படியா! பேர் என்ன?"

"அது... என் பையன் இல்லங்க. பக்கத்து வீட்டுப் பையன்." சொன்னதும் நெஞ்சு சுருக்கென்றது.

டொக்டர் காய்ச்சலை விசாரிப்பது போலக் கேட்டார். "சீனி உள்ள ஆம்பிளைகள் கனபேருக்கு விறைப்புக் குறைஞ்சு, மனைவியோட சேர ஏலாமப் போகுது. நான் எல்லார்கிட்டயும் கேக்குறது. உங்களுக்கும் இருக்கா?"

"எனக்கா? சேச்சே! என் கூட்டாளிக்குத்தான்."

"அவர் பேர்?"

அவசரத்துக்கு ஒரே ஒரு பெயர்தான் அகப்பட்டது. "கறுப்பையா."

டொக்டர் எழுதிக்கொண்டார். வருத்தம் கூட்டாளிக்கு என்றானதும் கூச்சம் ஓடிவிட்டது. இஸ்தோப்பு, குளிர், அங்கம்மாவின் அழுகை எல்லாவற்றையும் கறுப்பையா கொட்டித் தீர்த்தார்.

"இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. சீனி, இரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுத்துடுது. மருந்து இருக்கு. ஆனா முதல்ல கறுப்பையாட பிறஷர், இதயம் எல்லாம் பார்க்கணும். கூட்டிட்டு வாங்க."

"எதுக்கு வீண் அலைச்சல்? என் கையிலயே பாருங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பிறஷருதான்."

டொக்டர் சிரிக்கவில்லை. கையில் பிறஷர் பட்டியைச் சுற்றிப் பார்த்தார், நெஞ்சைப் பரிசோதித்தார், கறுப்பையா குடிக்கும் மருந்துகளையெல்லாம் அழகமுத்துவிடம் கேட்டு எழுதினார். "அடுத்த தடவை அங்கம்மாவும் வரட்டும். அவங்க மேல வெறுப்பில்லன்னு நானே சொல்றேன்."

மருந்துத் துண்டோடு வெளியே வந்தபோது இரண்டு வருடப் பாரம் இறங்கியிருந்தது. ஆனால் பெற்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தாரை வார்த்தது மட்டும் பொறுக்கவில்லை. வாசல்வரை போனவர் விறுவிறுவென்று சிந்துஜாவின் மேசைக்குத் திரும்பி வந்தார். கதிரைகளில் பத்துப் பன்னிரண்டு ஆம்பிளைகள் காத்திருந்தார்கள். இருக்கட்டும்!

"அம்மா, நான் அழகமுத்து இல்ல, நாந்தான் கறுப்பையா! உள்ள கூட்டாளிக்குன்னு சொன்ன வருத்தமும் எனக்குத்தான்! நான் சொன்ன டொக்டரு பக்கத்து வீட்டுப் பையன் இல்ல, என் பையன்! ரமேஸ்!"

சிந்துஜா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"தெரியும் ஐயா. ஆம்பளைங்ககிட்ட இந்த வருத்தத்த எப்படிக் கேக்கணும்னு எங்களுக்குச் சொல்லித்தர வந்த ரமேஸ் டொக்டர், உங்க போட்டோவக் காட்டி, 'எங்கப்பா கண்டிக்குள்ள காட்டமாட்டாரு, ஒரு நாளைக்கு இங்க வருவாரு, என்ன பேர் சொன்னாலும் அதையே எழுதிக்கங்க'ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."