பதினோரு அங்குலப் பீரங்கி

சேலையூர், கிழக்குத் தாம்பரம்
3.8.1997, ஞாயிறு

பெருமதிப்புக்குரிய தனசிங் சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகன் ஜெபசிங் வணக்கத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் இங்கே சுகம். சாயர்புரத்தில் நீங்களும் ஞானசௌந்தரிச் சித்தியும் சுகம் என்றும், உங்கள் மூட்டுவலி மட்டும் சுகமில்லை என்றும் நம்புகிறேன். விசாரிக்க வேண்டியதை விசாரித்தாயிற்று. விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிற பதினைந்தாம் தேதி காலைக்குள் நீங்கள் இங்கே வந்து சேர வேண்டும். டிரங்குப் பெட்டியின் அடியில் சித்தி பழைய சேலையில் சுற்றி வைத்திருக்கும் உங்கள் மெடல்களையும் எடுத்து வாருங்கள். காரணம் என் கல்யாணம். வீட்டுக்காரர் மகள் சாராளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன். குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறது. போன மாதம்வரை அந்தப் பெண்ணுக்கும் சம்மதம்தான். இப்போது இல்லை. அப்பா போன பிறகு எனக்குப் பெரியவர் என்று நீங்கள் ஒருவர்தான், நீங்கள் வந்து பேசினால்தான் காரியம் ஆகும். என்ன நடந்தது என்பதை என் கையாலேயே எழுதிவிடுகிறேன். பம்மல் அத்தை எழுதினால் இரண்டு பேரைக் கூடுதலாகச் சாகடித்து எழுதுவார்.

எங்கள் வீட்டுக்காரர் பெயர் ஞானையா. கேட்டில் ‘கேப்டன் ஞானையா, ஓய்வு’ என்று பித்தளையில் போர்டு. காலை ஐந்து மணிக்கு விசில் ஊதுவார், அதற்குள் மாடியில் இருக்கும் நானும் பின்கட்டில் இட்லிக்கடை போட்டிருக்கும் செல்லம்மா அக்காவும் வாளியை வரிசையில் வைத்துவிட வேண்டும், மோட்டார் போடுவதற்கு ‘ஆபரேஷன்’ என்று பெயர், வாளி வரிசையை விட்டு விலகியிருந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். தண்ணீர் பிடித்துக்கொண்டே எழுபத்தொன்றாம் வருஷத்து யுத்தத்தையும் கேட்க வேண்டும் என்பதுதான் பொறுக்கவில்லை. வலது முழங்காலில் அடிபட்ட கதை. ஜனவரியில் சொன்னபோது அது துப்பாக்கிக் குண்டு. ஏப்ரலில் கண்ணிவெடிச் சில்லு. ஜூன் மாத வெயிலில் பனியில் விறைத்துப்போன முழங்கால் ஆகிவிட்டது, அதுவும் ராஜஸ்தானில். திருமுடிவாக்கத்தில் நான் பார்ப்பது குவாலிட்டி கண்ட்ரோல் வேலை. ஒரே பீஸை மூன்று தடவை அளந்து மூன்று அளவு வந்தால், ஒன்று கருவி கோளாறு, இல்லையென்றால் பீஸ் கோளாறு. நான் மூன்று தடவையும் கவனமாகத்தான் கேட்டேன்.

செல்லம்மா அக்காவுக்கு என் அளவெல்லாம் தேவைப்படவில்லை. “இன்னா கேப்டனு இவுரு. டேங்க் ரொம்பி தெருல ஓடிகினு கீது, மோட்டார நிறுத்த மறந்துட்டு தூங்கறாரு. இவுர நம்பி நாட்ட வுட்டாங்களா?” என்று எனக்கு முன்பே கேட்டுவிட்டார்.

ஹாலில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறார். இளவயது ஞானையா, தோளில் தங்கக் குஞ்சலம், மார்பில் இரண்டு வரிசைப் பித்தளைப் பட்டன். இடது ஓரத்தில், சட்டத்தால் பாதி வெட்டுப்பட்டு, பளபளவென்று ஒரு பித்தளை வட்டம். “சார், இது என்ன?” என்று கேட்டேன். “பீரங்கி வாய் தம்பி. இருபத்தஞ்சு பவுண்டர். அது பக்கத்துலயே நின்னு நின்னு எனக்கு ஒரு காது மந்தம்” என்றார். இருபத்தைந்து பவுண்டர் பீரங்கியின் வாய் மூன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. லைப்ரரியில் பார்த்துவிட்டேன். அவர் வெளியே போன நேரத்தில் போட்டோவில் ஸ்கேலை வைத்து, அவர் தோள் அகலத்தைப் பதினெட்டு அங்குலம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். அந்த வட்டம் பதினோரு அங்குலம் வருகிறது. அதோடு விளிம்பு பூ மாதிரி வெளியே விரிகிறது. அப்படி விரிந்த வாயிலிருந்து குண்டு போனால் எதிரி மேல் விழாது, பக்கத்தில் நிற்கிற கேப்டன் மேல்தான் விழும்.

நான் ஸ்கேலோடு நாற்காலி மேல் நிற்பதைச் சாராள் பார்த்துவிட்டது. கோபப்படவில்லை. “அப்பா கதையில யாராவது செத்தாங்களா?” என்று கேட்டது.

“இல்லை.”

“உங்ககிட்ட ஏதாவது ஏமாத்தி வாங்கினாரா?”

“இல்லை.”

“அப்ப எறங்குங்க. அதை விட்டுடுங்க ஜெபசிங். எனக்காக விட்டுடுங்க.”

விட்டிருப்பேன் சித்தப்பா. ஆனால் இது சுதந்திரத்துக்கு ஐம்பதாவது வருஷம் என்று காலனிக்காரர்கள் மேடை போட்டு, கொடியேற்றக் கேப்டன் ஞானையாவை அழைத்து நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். நீங்கள் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். கேட்டால் “பருப்பும் சீனியும் அளந்து போட்டேம்ல, வேற ஒண்ணும் கிழிக்கல” என்று மட்டும் சொல்வீர்கள். நாயக் என்ற உங்கள் பதவியைக்கூட நான் பென்ஷன் புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்டவர் வீட்டில் வளர்ந்தவன் நான். எனக்குப் பொய் என்றால் ஆகாது.

நேரே முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குப் போனேன். ஒரு அரிசி மண்டி மாடியில் ஒற்றை அறை. கொதித்து எழுவார்கள் என்று நினைத்தேன். கண்புரை ஆபரேஷனுக்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தலைவர் சுபேதார் பொன்னுசாமி, வேலூர்ப் பக்கத்துக்காரர், நான் கிராப் ஷீட்டில் அளவுகளோடு வரைந்து கொண்டுபோன படத்தைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“தம்பி என்ன வேலை பாக்கறீங்க?”

“குவாலிட்டி கண்ட்ரோல் சார்.”

“தெரியுது” என்றார்.

பக்கத்தில் இருந்த ஹவில்தார் சவுரிமுத்து நிஜமான பீரங்கியால் நிஜமாகவே ஒரு காது போனவர். கேட்கிற காதைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். “இந்த மாதிரி கேப்டனுங்கள ரயிலுக்கு ஒருத்தன் பாக்கலாம் தம்பி. சீட்டு வோணும்னா மேஜரு, ரேஷன்ல முன்னால போவணும்னா கர்னலு. நாங்க கண்டுக்கறதில்ல. நெஜமா அங்க இருந்தவன் கதை சொல்லமாட்டான். இவனுங்களாவது சொல்லிகினு போறானுங்க.”

பதினைந்தாம் தேதி கொடியேற்றப் போகிறவர் அவர்தான் என்று நோட்டீஸைக் காட்டினேன். சிரிப்பு நின்றுபோனது. சுபேதார் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். “கதை சொல்லட்டும். கொடிக் கயித்துல கை வெக்கறது வேற” என்றார்.

போன ஞாயிறு, ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பிய நேரத்துக்குச் சுபேதாரும் சவுரிமுத்துவும் சங்கத்து ஆட்கள் இன்னும் இரண்டு பேருமாக நான்கு பேர் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, தேய்த்த பேண்ட், பாலீஷ் போட்ட ஷூ. ஞானையா கோயில் சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு தொட்டி மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். சுபேதார் மிக மரியாதையாக, “சார், உங்க ராணுவ நம்பர் என்ன?” என்று கேட்டார்.

ஞானையா கையைப் பனியனில் துடைத்தார். “ரொம்ப வருஷம் ஆச்சே. ஞாபகத்துல இல்ல” என்றார்.

“எனக்குப் பொண்டாட்டி பேரு மறந்து போவும் சார், நம்பரு மறக்காது” என்று சொல்லிவிட்டு சவுரிமுத்து விறைப்பாக நின்று தன் நம்பரைச் சொன்னார். யாரும் கேட்காமலே மற்ற இரண்டு பேரும் தங்கள் நம்பரைச் சொன்னார்கள். கடைசியாகச் சுபேதாரும் சொன்னார். உங்களுக்கு டைபாய்டு வந்து நினைவு தப்பியபோது நர்ஸ் பெயர் கேட்டதற்கு நீங்கள் நம்பரைத்தான் சொன்னீர்கள் என்று சித்தி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. சாராள் காபித் தட்டோடு வாசற்படியில் நின்றுவிட்டது.

ஞானையா தொட்டி மேல் உட்கார்ந்தார். “அது பீரங்கி இல்ல சார். யூபோனியம், ஊதற வாத்தியம். பெரம்பூர்ல இருபத்திரண்டு வருஷம் பேண்டு செட்டு நடத்தினேன். கல்யாணம், சாவு, தேர், எல்லாத்துக்கும் போவோம். பொண்ண நல்ல ஸ்கூல்ல சேக்கப் போனேன். அப்பா என்ன வேலைன்னாங்க. பேண்டு செட்டுன்னேன், சீட் இல்லைன்னுட்டாங்க. அடுத்த ஸ்கூல்ல ஃபாரத்துல கேப்டன்னு எழுதினேன். சீட்டும் குடுத்து, என்னை உக்காரவும் சொன்னாங்க. அப்புறம் அவ சர்டிபிகேட் பூரா அதுவே ஏறிடுச்சு. இறங்க வழி தெரியல” என்றார்.

நான் சுபேதார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், போலீஸா கோர்ட்டா என்று. அவர் கேட்டது வேறு. “லாஸ்ட் போஸ்ட் வாசிப்பியா?”

பட்டாளத்துக்காரரை அடக்கம் பண்ணும்போது வாசிக்கிற மெட்டு. உங்களுக்குத் தெரியும். ஞானையா எழுந்து உள்ளே போனார். பரணில் ஏறி, லுங்கியில் சுற்றியிருந்த டிரம்பெட்டை எடுத்து வந்தார். துடைத்தார். வாசித்தார்.

சித்தப்பா, எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் முழங்கால் கதையை மாதத்துக்கு ஒன்றாக மாற்றிச் சொன்ன அதே மனுஷன் ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார். நான்கு கிழவர்களும் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் அட்டென்ஷனில் நின்றார்கள். சவுரிமுத்து நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். செல்லம்மா அக்கா ஸ்டவ்வை அணைத்துவிட்டார். நானும் நிமிர்ந்துதான் நின்றேன், கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

முடிந்ததும் சுபேதார் கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போன மாசம் எங்க ஆளு ஒருத்தரை அடக்கம் பண்ணினோம். கேசட் போட்டோம். பாதியில டேப் மாட்டிகிச்சு, தட்டினோம், சினிமா டூயட் வந்துச்சு. அவரு சம்சாரம் பக்கத்துல நிக்கிறாங்க” என்றார். பிறகு தீர்ப்பு. கேப்டன் போர்டு அன்று சாயங்காலத்துக்குள் இறங்க வேண்டும். கொடிக் கயிற்றைத் தொடக் கூடாது. ஆனால் பதினைந்தாம் தேதி அவர்தான் வாசிக்க வேண்டும், சங்கத்தில் யார் இறந்தாலும் எந்த ஊரானாலும் வந்து வாசிக்க வேண்டும். “கொடிய நாங்க ஏத்தறோம். நீ ஊது.”

நான் விடவில்லை. “சார், அளவு தப்பின பீஸை எங்க கம்பெனியில் கழித்துச் சிவப்புத் தொட்டியில் போடுவோம்” என்றேன்.

“சரிபண்ணி எடுத்துக்கறதே கிடையாதா தம்பி?”

“உண்டு சார். ரீவொர்க் என்று பெயர்.”

“அப்ப சும்மா இருங்க” என்றார்.

இந்த விவகாரத்தில் நஷ்டம் எனக்கு மட்டும்தான். ஞானையா முன்பைவிட சந்தோஷமாக இருக்கிறார். “பாரம் இறங்கிச்சு தம்பி. நெஜத்த மூஞ்சிக்கு நேரா சொல்ற உன்னை மாதிரி ஆளுக்குத்தான் என் பொண்ணு. ஆனா அவ சரின்னு சொல்லணும்” என்கிறார். காலை ஐந்து மணிக்கு விசிலுக்குப் பதில் டிரம்பெட். விசிலே தேவலை. சாராள்தான் என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் வந்தால்கூடச் செல்லம்மா அக்கா மூலமாகத்தான் செய்தி. “நீ பேஜார் புடிச்ச ஆளுபா. நீ அளந்துகினே இரு, பொண்ணு அது பாட்டுக்கு போயிகினே இருக்கும்” என்று அக்கா தன் பங்குக்கும் சேர்த்துச் சொல்கிறார்.

நேற்று மாடிப்படியில் மறித்து மன்னிப்புக் கேட்டேன். சாராள் சொன்னது இதுதான்: “பொய் சொன்னவரோட இருபத்துநாலு வருஷம் இருந்துட்டேன், கஷ்டமாயில்ல. உங்களோட எப்படி இருக்கறது? உங்க வீட்டுப் பெரியவர் வரட்டும். அவரும் ஸ்கேலோட வர்றாரான்னு பாத்துட்டுச் சொல்றேன்.”

ஆகவே வாருங்கள். பருப்பு அளந்தேன் என்று நீங்கள் சொல்கிற தோரணையைப் பார்த்தாலே அந்தப் பெண் சம்மதித்துவிடும். சித்திக்கு என் அன்பு. சபையில் எனக்காக ஒரு வார்த்தை ஜெபிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆசீர்வாதத்தை நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மகன்,
இ. ஜெபசிங், டி.எம்.இ.

பி.கு: ஒரு சின்ன விஷயம். இரண்டு வருஷம் முன்பு ஒன்பது நாள் மழையில் வீடு தேடி அலைந்தேன், கல்யாணம் ஆகாதவனுக்கு யாரும் தரவில்லை. ஞானையா மட்டும், “குடும்பத்துல யாராவது பட்டாளத்துல உண்டா?” என்று கேட்டார். சித்தப்பா என்றேன். அது உண்மை. “ஆபீசரா?” என்றார். தலையை ஆட்டினேன். அவருக்கு ஒரு படி மேலே இருந்தால் தண்ணீர் ஒழுங்காக வரும் என்று மேஜர் என்றேன். வந்தது. போன கோடையில் தண்ணீர் குறைந்தபோது லெப்டினன்ட் கர்னல் ஆக்கினேன். இப்போது ஞானையா அதைச் சுபேதாரிடம் சொல்லியிருக்கிறார். கர்னல் சாருக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு நம்பர் கேட்க வேண்டும் என்று சுபேதார் பதினைந்தாம் தேதிக்குக் காத்திருக்கிறார். ஆபீசர் நம்பர் எழுத்தில் தொடங்குமாம். உங்களுடையது தொடங்காது, பென்ஷன் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். ஆகவே மெடல் வேண்டாம். வாருங்கள், வந்து பருப்பு என்றே சொல்லிவிடுங்கள், பொய் என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்கிறேன். ஞானையாவை வைத்துச் சங்கம் புதிதாகச் சேர்க்கிற பேண்டுக்குப் பெரிய டிரம் அடிக்க ஆள் இல்லையாம். நம் சபையில் டிரம் அடிக்கிற ஞானஜோதி அண்ணனிடம் கேட்டு உடனே ஒரு கார்டு போடுங்கள்: ஒன்றுமே தெரியாதவன் கற்றுக்கொள்ள பன்னிரண்டு நாள் போதுமா?