திறந்த சுவர்

"கக்கூஸ் வடிவாத்தான் கட்டியிருக்கிறியள். ஆனா ரோட்டில இருந்து தெரியுதே," என்றார் பேரின்பநாயகம். கொத்மலை மலைகளின் அழகைக் காக்க வந்த அதிகாரி. ஊர் யாழ்ப்பாணம்.

பேச்சியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகள் கொண்ட லயம் முழுவதற்கும் ஒரே கக்கூஸ். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிடுமே என்று தினமும் வரிசையில் நின்று தவித்தவள், ஆசை ஆசையாகக் கட்டியது இது.

"தெரிஞ்சா என்னங்க ஐயா?"

"உல்லாசப் பயணியள் மலையைப் படமெடுக்க வருகினம். காட்சிக்குக் குறுக்கால ஒரு கட்டடமும் நிக்கக் கூடாது. அதுதான் சட்டம்."

கணவன் அழகுமுத்து அதைப் பிரித்து வீட்டுக்குப் பின்னால் கட்டினான். கூரை எட்டிப் பார்த்தது. கூரைக்குப் பச்சை அடித்தான். வெயிலில் அது முன்னைவிடப் பளபளத்தது. கடைசியில் சரிவின் விளிம்புக்கே கொண்டுபோனான். நாலாவது சுவருக்குத் தகரம் போதவில்லை. பள்ளத்துப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாததால் மேல்பாதியைத் திறந்தே விட்டுவிட்டான்.

மறுநாள் காலை உள்ளே போன பேச்சியம்மா வெளியே வர மறந்துபோனாள்.

கீழே மேகம் விலக விலக, நீர்த்தேக்கம் முழுதாகத் தெரிந்தது. எதிர்மலையில் அருவி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. வருஷக்கணக்காக அவள் கொழுந்து பறித்த மலைதான். ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்திருப்பாளா? தன்னையறியாமல் கும்பிட்டாள். நிற்கிற இடம் ஞாபகம் வந்ததும் கையை இறக்கினாள்.

"பெரட்டுக்கு நேரமாச்சு, உள்ள என்ன புள்ள பண்ற?"

"கொஞ்சம் பொறுங்க. அருவியில வெயில் விழப்போகுது."

அடுத்துப் போன அழகுமுத்துவும் லேசில் வரவில்லை. அன்று இருவருக்கும் பெரட்டு தவறியது. விஷயம் பரவி, பக்கத்து லயத்து ஜனமும் வந்து நின்றது. பழைய வரிசையே தேவலை என்றாகிவிட்டது பேச்சியம்மாவுக்கு.

அதிகாரி மறுபடி வந்தார். சோதிக்க உள்ளே போனவரும் லேசில் வரவில்லை. வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தினையோ இடம் பார்த்திட்டன் அம்மா. இப்பிடி ஒரு காட்சியைக் கண்டதில்லை. ரோட்டில இருந்து கக்கூஸ் தெரியவும் இல்லை. இருக்கட்டும்."

பேச்சியம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஜீப் டிரைவரும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"சேர், இந்த மலையிலயே நல்ல காட்சி இங்க இருந்துதான் தெரியுது. இதுல போயி கக்கூஸ் கட்ட விடலாங்களா?"