பொடியண்ணாச்சியின் சாம்பார் டெஸ்டிங்

திருவனந்தபுரத்தில் ஓட்டல் வைத்திருந்தவர்களில், சாம்பாருக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியாத ஒரே முதலாளி எங்கள் பொடியண்ணாச்சிதான். மூக்குப்பொடி போட்டுப் போட்டு மூக்கோடு நாக்கும் மரத்துப்போயிருந்தது. கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அவர் கடையில் நான் சாம்பார் மாஸ்டர். நான் ருசி பார்த்துத் தலையாட்டினால்தான் அண்டா அடுப்பை விட்டு இறங்கும்.

பிள்ளைகளே, இன்று வீட்டையே அதட்டுகிற உங்கள் அக்கா ஏழு மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் உள்ளங்கை அளவு கிடந்தாள். நான் லீவு கேட்டேன்.

"எத்தன நாளு?"

"டாக்டருக்கே தெரியல அண்ணாச்சி."

ஒரு சிமிட்டா பொடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, "செரி, போ" என்றார். மறுநாளே நாகர்கோவிலிலிருந்து ஒரு கல்யாணச் சமையல் மாஸ்டரை வரவழைத்துவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டிக்குள் ஒரு கவலை, கடைக்குள் ஒரு கவலை.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரி வாசலில் ஒரே தும்மல். தூக்குவாளியோடு அண்ணாச்சி.

"சேட்டா, டைம் கழிஞ்ஞு," என்று, பார்வை நேரம் முடிந்ததைச் சொல்லிக் காவலாளி மறித்தார்.

"இது சாப்பாடில்ல கேட்டோ. டெஸ்டிங்."

புது மாஸ்டர் வைத்த சாம்பாரை நான் ருசி பார்த்துச் சொல்ல வேண்டுமாம். வெறும் சாம்பாரை எப்படிக் குடிப்பான் என்று பன்னிரண்டு இட்லியும் வந்திருந்தது. தினமும் வந்தார். தினமும் ஒரு குறை சொல்லி என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். பெருங்காயம் போதாது என்பேன். பருப்பு வேகவில்லை என்பேன். அவரும் முகம் தெளிந்து போவார்.

ஒருநாள் சாம்பார் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. உங்கள் அம்மா மெதுவாகச் சொன்னாள்: "பிள்ள பெட்டிக்குள்ள கெடக்கு. பொய் சொல்லாண்டாம்."

உண்மையைச் சொன்னேன்.

"ஒன் சாம்பார விடவா?"

"ஆமா அண்ணாச்சி."

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அப்புறம் ஒரு மத்தியானம் தும்மல் கேட்டது. வாளியைத் திறந்தால் சாம்பார் கன்னங்கரேலென்று இருந்தது.

"மாஸ்டரு எங்க அண்ணாச்சி?"

"வேற கல்யாணம் வந்துட்டுன்னு போய்ட்டான். இருன்னா இருந்திருப்பான். நான் சொல்லல." தரையைப் பார்த்தார். "கட தன்னால நடக்குன்னு நெனச்சி, நீ பிள்ளையத் தூக்கிட்டு அப்படியே ஊருக்குப் போயிருவியோன்னு பயந்துட்டேன் கேட்டியா. இது நான் வச்சது. எப்படி?"

உப்பு மருந்துக்கும் இல்லை. புளி பல்லைக் கூசவைத்தது. ஆனாலும் நானும் உங்கள் அம்மாவும் அன்று வாளியில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.