ஆற்றைத் தாண்டிய பச்சைப் பெட்டி

கம்பர்லாந்து, மேரிலாந்து
குருத்தோலை ஞாயிறு, காலை

என் மனைவியின் ஒரே தம்பியும், முப்பத்தெட்டு வருடமாக என் இடுப்பை மட்டுமே பார்த்துப் பேசுகிறவனுமான அன்பு மச்சான் பர்லுக்கு,

டோய்ல் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் அக்கா வெர்னாவும், மகள் டீனாவும், மாப்பிள்ளை ப்ரெஸ்டனும், பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரி நெல்டாவும் நாய்களும் அதேபோல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் 'பெர்மிட்' என்ற வார்த்தையை எடுத்த உடனே நீ சிரித்துக்கொண்டே போனை வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன், உட்கார்ந்து கடைசிவரை படி.

முதலில் நம் பந்தயத்தை ஞாபகப்படுத்துகிறேன். நவம்பரில் நாங்கள் மேற்கு வர்ஜீனியாவை விட்டு இங்கே மகள் வீட்டு கராஜுக்கு மேலே உள்ள அறைக்குக் குடிவந்த அன்று, நீ எங்கள் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "மச்சான், அப்பா உனக்கு அந்தத் துப்பாக்கியக் குடுக்கறப்ப என்ன சொன்னாரு? 'பெட்டிக்குள்ள படுக்க வைக்காதே, கூடவே வச்சிரு'ன்னு சொன்னாரு. அந்த ஊர்ல உன்னை இடுப்புல வைக்க விடமாட்டாங்க. ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நீ பெர்மிட் வாங்கலன்னா அது என் வீட்டுக்கு வரணும்." நானும் வீம்புக்குச் சரி என்று கைகொடுத்துவிட்டேன். உன் அப்பா அய்ரா, சொந்த மகனை விட்டுவிட்டு, கொத்தனார் மருமகன் என் கையில் அந்தக் கைத்துப்பாக்கியைக் கொடுத்த நாளில், நீ எழுந்து போய் இருட்டும்வரை விறகு பிளந்தாய். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் இந்த விஷயத்தை நான் ஒருபோதும் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

புறப்பட்ட அன்றே வம்பு ஆரம்பித்தது. சட்டப்படி எல்லாம் செய்திருந்தேன்: துப்பாக்கியில் தோட்டா கிடையாது, அது ராணுவத்தின் பழைய பச்சைத் தோட்டாப் பெட்டிக்குள், பெட்டிக்குப் பூட்டு, பெட்டி வண்டியின் டிக்கியில், தோட்டாக்கள் தனியாகப் பின்சீட்டின் அடியில். நம் பக்கத்தில் அந்தப் பச்சைப் பெட்டி இல்லாத வீடு ஏது. ஆணி, தூண்டில் முள், விதை, உன் அக்காவின் சமையல் சாமான் எல்லாம் அதில்தான் என்பதால், எது எது என்று வெர்னா டேப்பில் எழுதிக் கொடுக்க, நானே ஒவ்வொன்றாக ஒட்டினேன், அதுவும் மூக்குக்கண்ணாடி இல்லாமல். இடம் போதாத பெட்டிகளை, இப்போது நீ இருக்கும் உன் அப்பா வீட்டு நிலவறையில் இறக்கிவிட்டு, பாலத்தைத் தாண்டினோமோ இல்லையோ, பின்னால் போலீஸ் விளக்கு சுழல்கிறது. நான் நம் ஊர் வழக்கப்படி இரண்டு கையையும் ஸ்டீயரிங்மேல் வைத்து, கேட்பதற்கு முன்பே, "சார், டிக்கியில துப்பாக்கி இருக்கு, இந்தாங்க என் பெர்மிட்" என்றேன். அந்த இளம் போலீஸ்காரர் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெரியவரே, இது அந்த மாநிலத்து அட்டை. இங்க செல்லாது."

"பாலத்துல பாதி வரைக்குமாவது செல்லுமா?"

"ஆறு முழுக்க எங்களோடதுங்க. அந்தக் கரையோட உங்க அட்டை முடிஞ்சுது. பெட்டி பூட்டியிருக்கா? தோட்டா தனியா இருக்கா? அப்ப நேரா வீட்டுக்குப் போங்க. நான் நிறுத்தினது அதுக்கில்ல, கூரைமேல உங்க மெத்தை நழுவுது."

இது உனக்குத் தெரியுமா பர்ல், நீ ஐம்பது வருடமாகத் தூண்டில் போடும் அந்தத் தண்ணீர் முழுக்க மேரிலாந்துக்குச் சொந்தமாம். நான் இப்போது இந்த ஊர்க்காரன் என்பதால் உன்னை மன்னித்துவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளை. ப்ரெஸ்டன் நல்ல பையன், ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவன், குளிக்கப் போவதற்கு முன்புகூட விதிமுறை படிக்கிறவன். "மாமா, தப்பா நெனக்காதீங்க. சின்னப் பசங்க இருக்கற வீடு. உங்க பெர்மிட் கையில வர்ற வரைக்கும் பெட்டிய யாரும் திறக்க வேண்டாம். சாவி எங்கிட்ட இருக்கட்டும்" என்று சாவியை வாங்கித் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டான். பெட்டி கராஜின் உச்சி அலமாரிக்குப் போனது. அதைக் கண்ணால் பார்த்துக் கும்பிடு போடுவதோடு என் உரிமை முடிந்தது. வெர்னாவுக்கு அதில் ஒரே சந்தோஷம். "யோவ், உன் இரும்பைப் பத்திரமா கொண்டுவந்தே. என் ஆட்டுக்குட்டிய மட்டும் பர்ல் வீட்டு நிலவறையில தள்ளிட்டு வந்துட்டே" என்று தினமும் ஒரு பாட்டு. அவள் சொல்வது ஈஸ்டருக்கு ஆட்டுக்குட்டி வடிவத்தில் கேக் சுடும் அந்த வார்ப்பிரும்பு அச்சை. நெல்டா இரவல் கேட்டுவிடக் கூடாது என்று அதற்கும் ஒரு பூட்டு போட்டிருந்தாள். இதை நெல்டாவிடம் சொல்லாதே. பூட்டு இரண்டும் ஒரே அட்டையில் ஜோடியாக வாங்கியவை, ஒரே சாவி இரண்டுக்கும் பொருந்தும்.

அடுத்தது பதிவு. புதிதாகக் குடிவந்தவன் தன் கைத்துப்பாக்கியைத் தொண்ணூறு நாளுக்குள் பதிய வேண்டும். அதன் எண்ணைக் கேட்டார்கள். பெட்டியைத்தான் திறக்க முடியாதே, ஆனால் உன் அப்பா நம் குடும்ப வேதப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், வெர்னா பிறந்த தேதி, நீ பிறந்த தேதி, அதற்குக் கீழே துப்பாக்கியின் எண் என்று வரிசையாக எழுதிவைத்திருக்கிறாரே, அதைப் பார்த்துப் படிவத்தில் எழுதினேன். பார்த்துக்கொள், நீ அதற்கு ஒரு வரி மேலே இருக்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் பெர்மிட்டுக்குக் கைரேகை. நாற்பத்தொரு வருடம் செங்கல்லும் சுண்ணாம்பும் பிடித்த கை பர்ல் இது. கண்ணாடிமேல் விரலை வைத்தால் ரேகை எடுக்கும் பெண் திரையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், மறுபடி திரையைப் பார்க்கிறாள்.

"ஐயா, உங்க விரல்ல ஒண்ணுமே இல்லையே."

"இருந்துதும்மா. ரெண்டு பள்ளிக்கூடம், ஒரு வங்கி, ஊர்ல முக்கால்வாசி புகைபோக்கி, எல்லாத்துலயும் தேய்ச்சுட்டு வந்துட்டேன்."

இரண்டு தடவை அனுப்பினார்கள், இரண்டு தடவையும் படிக்க முடியவில்லை என்று திரும்பி வந்தது. ரேகையே இல்லாத ஆள் துப்பாக்கி கேட்கிறான் என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் உன் அக்காதான் வழி கண்டுபிடித்தாள். மாட்டு மடி வெடிப்புக்குத் தடவுவோமே அந்தக் களிம்பைப் பத்து விரலிலும் அப்பி, பருத்திக் கையுறை மாட்டி, மூன்று வாரம் ராத்திரிதோறும் என்னைப் படுக்கவைத்தாள். "இப்படிப் பொத்திப் பொத்தி என்னைக்காவது என் கையப் பிடிச்சிருப்பியா நீ" என்று வேறு கேட்டாள். மூன்றாம் தடவை ரேகை விழுந்தது. அலுவலகத்தில் அந்தப் பெண் எழுந்து நின்று கைதட்டினாள்.

பயிற்சி வகுப்பு பதினாறு மணி நேரம், இரண்டு சனிக்கிழமை. சொல்லிக்கொடுத்தது டெல்ஃபின் என்ற பெண், நம் டீனா வயதுதான் இருக்கும். எல்லோரும் எழுந்து எதற்காக பெர்மிட் வேண்டும் என்று சொல்லச் சொன்னாள். ஒருவர் கடையை ராத்திரி பூட்டிவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடப்பதாகச் சொன்னார், ஒரு அம்மாள் பழைய கணவனைப் பற்றிச் சொன்னார். என் முறை வந்தது. "என் மச்சான் கைக்குப் போயிடக் கூடாதுன்னு" என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. டெல்ஃபின் பேனாவைக் கீழே வைத்தாள். "ஐயா, அவர் உங்களை மிரட்டினாரா?" அதைத் தெளிவுபடுத்தி முடிக்க அரை மணி நேரம் ஆனது. உன் பெயர் இந்த மாநிலத்தில் எங்கும் பதிவாகவில்லை, பயப்படாதே. துணைக்கு என்று வந்து உட்கார்ந்த வெர்னாவும் பேர் கொடுத்துவிட்டாள். சுடும் பரீட்சையில், அவர்கள் கொடுத்த துப்பாக்கியில், இருபத்தைந்துக்குப் பதினெட்டு பட்டால் தேறலாம். எனக்குப் பதினெட்டு. உன் அக்காவுக்கு இருபத்தைந்தும். வீடு வரும்வரை அவள் ஓட்டை விழுந்த அந்தக் காகிதத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டே வந்தாள்.

எப்படியோ, மச்சான், நேற்றுத் தபாலில் வந்துவிட்டது. என் பெயர், என் முகம், மேரிலாந்தின் முத்திரை. ஈஸ்டருக்கு இன்னும் முழுசாக ஒரு வாரம் இருக்கிறது. நீ தோற்றுவிட்டாய். எனக்கு வேறு பெருமை எதுவும் வேண்டாம், உன் அப்பா கொடுத்த பொருள் நான் சாகும்வரை என் இடுப்பில் இருக்கும், அது போதும். இன்று கோயிலிலிருந்து வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு ப்ரெஸ்டன் எல்லோர் எதிரிலும் சாவியைக் கொடுக்கப்போகிறானாம். பன்றித்தொடை ரோஸ்ட், உருளைக்கிழங்கு, டீனா சுட்ட ஆப்பிள் பை, எல்லாம் தயார்.

வெர்னா ஒரு விஷயம் சேர்த்து எழுதச் சொன்னாள். நிலவறையில் 'ஆட்டுக்குட்டி' என்று டேப் ஒட்டிய பெட்டி இருக்கிறது, பூட்டியிருக்கிறது, கோயிலில் ஈஸ்டர் காலை உணவுக்கு அந்த அச்சில் கேக் சுடலாமா என்று நெல்டா கேட்டிருந்தாளாம். தாராளமாகச் சுடட்டும், சாவி தேட வேண்டாம், பெட்டியை அப்படியே கோயில் சமையலறைக்குக் கொண்டுபோய்ச் சுத்தியலால் பூட்டை நாலு தட்டு தட்டினால் திறந்துகொள்ளும் என்று உன் அக்கா சொல்கிறாள்.

கர்த்தர் உங்கள் கூரையையும் உன் முழங்காலையும் காப்பாராக. நெல்டாவுக்கு என் வணக்கம், நாய்களுக்கு என் தடவல். தோற்றவனுக்கு ஜெயித்தவனின் அன்பு.

இப்படிக்கு,
உன் மச்சான்
டோய்ல் ஷேன்ஹோல்ட்ஸ்

பின்குறிப்பு: நெல்டாவைச் சுத்தியலை எடுக்கவிடாதே. பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோகவிடாதே. சாப்பாட்டு மேஜையில் பெட்டியை வைத்து, ப்ரெஸ்டன் சின்னதாக ஒரு உரை நிகழ்த்தி, சாவி கொடுத்து, நான் திறந்தேன். உள்ளே ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. மூக்குக்கண்ணாடி இல்லாமல் நான் மாற்றி ஒட்டிய டேப்பை ப்ரெஸ்டன் இரண்டு தடவை படித்தான். கடைசியில் சின்னப் பேத்திதான், "தாத்தா, இதை எப்படி இடுப்புல வைப்பீங்க?" என்று கேட்டாள். ஐந்து மாதம் நான் ஒரு கேக் அச்சைக் காவல் காத்திருக்கிறேன், அதற்காக மாட்டுக் களிம்பு பூசிக்கொண்டு தூங்கியிருக்கிறேன். உன் நிலவறையில் இருக்கும் பெட்டியில் தோட்டா கிடையாது, அது நிச்சயம்; ஆனால் பெட்டியைப் பற்றியும் இன்று காலை வரை நிச்சயம் என்றுதான் சொல்லியிருப்பேன், ஆகவே யாரும் தொடாதீர்கள்.

நீ சொன்னதுதான் நடந்திருக்கிறது, உன் அப்பா பொருள் உன் வீட்டுக்கே வந்துவிட்டது. அதை நீ இங்கே கொண்டுவந்து தர நினைக்காதே, உன் அட்டை ஆற்றங்கரையோடு சரி. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ஆட்டுக்குட்டியை முன்சீட்டில் வைத்துக்கொண்டு நானே இப்போது கிளம்புகிறேன், இதை உன் கையில் கொடுத்துவிட்டு நிலவறைக்குப் போவோம். "அஞ்சு மாசம் அது அப்பா வீட்லயே இருந்திருக்கு, பர்லுக்குத் தெரியக்கூடத் தெரியல, பாவம்" என்று வெர்னா சொன்னாள், அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதிலிருந்து எனக்கு அந்த விறகு பிளக்கும் சத்தமே கேட்டுக்கொண்டிருக்கிறது. நீதான் பெட்டியைத் திறக்க வேண்டும், நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அன்றைக்கு இருந்த முகம் மறுபடி வந்தால், நீயே வைத்துக்கொள், நான் ஒன்றும் பேசாமல் காப்பி குடித்துவிட்டுப் போகிறேன். சிரித்தாயானால் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். என்னிடம் பெர்மிட் இருக்கிறது.